கோவேறு கழுதைகளின் பட்டம்

மல்யுத்த ஜோடிப் பட்டத்தின் பெல்ட்டை ஹாய்ட் லெட்பெட்டர் கண்டெடுத்தது டி.வி. வேனுக்கு அடியில். 1997, மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கையிலிருந்து உருண்டு போன புகையிலை டப்பாவை எடுக்கக் குனிந்தவன், டப்பாவை விட்டுவிட்டுப் பெல்ட்டோடு நிமிர்ந்தான். தோலெல்லாம் காய்ந்துபோன மஞ்சள் சீஸ். அதில் எறும்பு. நடுத்தகட்டில் இருந்த கழுகின் கண்ணில் யாரோ சிகரெட்டை அணைத்திருந்தார்கள்.

செத்த எலியைத் தூக்குவதுபோல் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"லானி, இது என்னன்னு தெரியுதா?"

"ஜோடிப் பட்டம்."

"இதுக்கு ஒரு ஜோடி இருக்கணுமே, அது எங்க?"

இன்னொரு பெல்ட் பொம்மையின் இடுப்பில் இருந்தது. எங்கள் மல்யுத்தக் கம்பெனி முதலாளி கிரேடி பீலர், துணிக்கடையில் நிற்குமே அந்த மாதிரி ஒரு பொம்மையைப் பழைய கார் விற்கும் ஆசாமி ஒருவனோடு சேர்த்து ஜோடிச் சாம்பியன் ஆக்கியிருந்தார். இரண்டு மாதமாக வடக்குக் கரோலினா மலையடிவார ஊர்களில் அந்தப் பொம்மைதான் சாம்பியன். அதை மூலையில் சாய்த்து நிற்க வைப்பார்கள். கார்க்காரன் ஓடி வந்து அதன் பிளாஸ்டிக் கையைத் தட்டுவான். நான் நடுவர். அந்தத் தட்டலைச் செல்லும் என்று கைகாட்டியவன் நான்தான். இதை எழுதும்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

ஹாய்ட் காகிதக் கோப்பைக்குள் த்தூ என்று துப்பினான். அவன் துப்புவதில் வகைகள் உண்டு. புகையிலைக்குத் துப்புவது ஒன்று, மனிதர்களுக்குத் துப்புவது ஒன்று. இது இரண்டாவது.

ஹாய்ட் மேப்பிள் ஃபோர்க்கில் காலுறை மில் குடியிருப்பில் பிறந்தவன். பதினேழு வயதில் அதே மில்லில் பின்னல் எந்திரங்களைப் பழுதுபார்க்கச் சேர்ந்தான். வாரம் ஐந்து நாள் மில், வெள்ளி சனி மல்யுத்தம். 1972-இலிருந்து 1988 வரை அவன் தனியாக ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. எப்போதும் வெர்னன் சில்ஸோடுதான். இரண்டு பேரும் ஒரே தெரு. வெர்னன் உயரம், வாய்ப்பேச்சு, சிரித்தால் கூடம் முழுக்கப் பல் தெரியும். ஹாய்ட் குட்டை, அகலம், பேசவே மாட்டான். 'கரோலினா கோவேறு கழுதைகள்' என்பது அவர்கள் ஜோடிக்குப் பெயர். இரட்டையாகப் பூட்டினால்தான் இழுக்கும் என்று ஆரம்பத்தில் யாரோ கிண்டலாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. அவர்கள் வாசலில் தலைகாட்டினால் ஆயிரத்து இருநூறு பேர் கழுதைபோல் கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் உட்காரும் பெண்கள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்துவார்கள்.

யார் ஜெயிக்கிறார் என்பதை முதலாளிதான் தீர்மானிப்பார். எங்கள் பக்கம் அது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் விழுகிற அடி நிஜம், ஏங்குகிற ஏக்கமும் நிஜம். ஜோடிச் சண்டையின் உயிர் அந்த ஏக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே ஒருவன் இரண்டு பேரிடம் மாட்டிக்கொண்டு அடி வாங்குவான். அவன் கூட்டாளி வளையத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே, மூலைக் கம்பத்தில் கட்டிய இரண்டடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டி நிற்பான். கயிற்றை விடக்கூடாது. கை படாமல் உள்ளே வரக்கூடாது. பட்ட பிறகு, நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் முதலாமவன் வெளியேற வேண்டும். நடுவர் பார்க்காத தொடல், தொடல் அல்ல. ஹாய்ட் இரத்தம் வழிய ஊர்ந்து ஊர்ந்து வந்து, வெர்னன் விரலுக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது எதிரி அவன் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். மூன்றாவது தடவை இழுக்கும்போது கிழவிகள் குடையோடு எழுந்துவிடுவார்கள். கடைசியில் கை படும். அந்தச் சத்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. மரப்பலகை இருக்கைகள் அதிரும்.

இதை எல்லாம் கெடுத்தது கிரேடி. ஜோடி என்பது பிரிப்பதற்காகவே சேர்ப்பது என்பது அவர் கண்டுபிடிப்பு. இரண்டு பேரைச் சேர்ப்பார், ஜனங்கள் நேசிக்க ஆரம்பித்ததும் ஒருவனைவிட்டு இன்னொருவனை அடிக்க வைப்பார், அதன் பிறகு இரண்டு மாதம் அவர்களுக்குள் தனிச்சண்டை. டிக்கெட் விற்கும். பிறகு இருவரும் எரிந்துபோன தீக்குச்சி.

1988-இல் கழுதைகளையும் பிரித்தார். அதைப் பிரித்த கை என்னுடையது.

நடுவர் எண்ணுவதற்கு மட்டும் இல்லை. குனிந்து 'விட்டுக்கொடுக்கிறியா' என்று கேட்பதுபோல் காதில் சேதி சொல்வதும் அவன் வேலை. அன்று சண்டைக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிரேடி என்னைக் கூப்பிட்டார்.

"பிரதர், வெர்னன்கிட்ட போய்ச் சொல்லு. இன்னிக்கு ஹாய்ட்டை நாற்காலியால அடிக்கணும். தலையில. நல்லா விழணும்."

"ஹாய்ட்டுக்குத் தெரியுமா சார்?"

"தெரியக்கூடாது. தெரிஞ்சா அவன் ஒத்துக்க மாட்டான். வெர்னன் கேட்டா, ஹாய்ட்டுக்குத் தெரியும், சம்மதம்னு சொல்லிடு."

சொன்னேன். நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற ஆள். ஐந்தடி நாலங்குலம். அந்தக் கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வளையத்துக்குள் நிற்கிற நேரம் மட்டும்தான் யாராவது என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சட்டை போய்விடும் என்று பயந்து ஒரு பொய் சொன்னேன். அடி வருவது தெரிந்தவன் கையைத் தூக்கித் தடுப்பான், தலையைத் திருப்புவான். ஹாய்ட்டுக்குத் தெரியாது. கூட்டாளி பின்னால் நிற்கிறான் என்று நிம்மதியாகத் திரும்பிப் பார்க்காமல் நின்றான். நாற்காலி இடது காதில் இறங்கியது. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வெர்னன் தனியாகச் சண்டை போட்டு ஒரு வருஷம் மின்னினான். முழங்கால் போனது, ஒதுங்கினான். இரண்டு பேரும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கூட்டாளி தனியாகப் பேர் வாங்கத் தன் காதைப் பறித்தான் என்று ஹாய்ட் நினைத்தான். எல்லாம் தெரிந்து ஒப்புக்கொண்டவன் பிறகு போன்கூட எடுக்க மாட்டேன் என்கிறானே என்று வெர்னன் நினைத்தான். இரண்டு பேர் நினைப்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பேரோடும் காபி குடித்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த மார்ச் காலைக்கு வருகிறேன். ஹாய்ட் சீஸ் ஒட்டிய பெல்ட்டை எடுத்துக்கொண்டு நேரே கிரேடியின் அறைக்குப் போனான். நானும் பின்னால் போனேன். கிரேடி மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு வறுத்த பன்றித்தோலை மென்றுகொண்டிருந்தார். ஹாய்ட் பெல்ட்டை அவர் மேசையில் வைத்தான்.

"எறும்பு ஏறுது பிரதர், எடு எடு!"

"நாங்க இதுக்காக ரத்தம் சிந்தியிருக்கோம் சார்."

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஜோடிச் சண்டைன்னு அறிவிச்சா ஜனங்க மூத்திரம் பெய்யப் போறாங்க. ஹாட் டாக் கடைக்காரன் மட்டும்தான் சந்தோஷப்படறான். பொம்மை வந்தாவது சிரிக்கிறாங்க."

"பொம்மையப் பாத்துச் சிரிக்கல சார். நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"சரி, நீ என்ன பண்ணப் போற?"

ஹாய்ட் கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பி நின்றான். "பொம்மைய எடுங்க. மூலையில திரும்பக் கயிறு கட்டணும். ஐந்து எண்ணினா எண்ணினதுதான். பட்டச்சண்டை கடைசிச் சண்டையா இருக்கணும், மூத்திர நேரத்துல இல்ல. ஆறு மாசம் குடுங்க."

கிரேடி பன்றித்தோல் துணுக்கை விரலால் பல்லிடுக்கில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். அவர் கண் சுருங்குவதை நான் கவனித்தேன்.

"வெர்னனைக் கூட்டிட்டு வா. கழுதைங்க திரும்பி வந்தா, கேட்டதெல்லாம் தரேன்."

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஜோடியை இரண்டு தடவை பிரித்து விற்பதற்கு அவரைவிட்டால் யாருக்குத் தோன்றும்?

ஹாய்ட்டின் வண்டி மில்லில் மக்கர் பண்ணிக்கொண்டு நின்றது. அதனால் என் காரில் போனோம். வெர்னன் அப்போது கழிவுத்தொட்டி உறிஞ்சும் லாரி வைத்திருந்தான். ஒரு கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பின்புறம் குழாயைத் தொட்டிக்குள் விட்டு நின்றுகொண்டிருந்தான். நாற்றம் கண்ணைக் கரித்தது. எங்களைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினான்.

"என் பக்கத்துல வராத ஹாய்ட். நாறும்."

"அங்க இதைவிட நாறுது. அதுக்குத்தான் வந்தேன்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது. வெர்னன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"போன் பண்ணா எடுக்காதவன் நீ. இப்ப என்ன?"

"காதைக் கொண்டுபோனவன்கிட்ட என்னத்தப் பேச?"

"நான் கொண்டுபோனேனா? நீ சம்மதிச்ச அடிதானே? நீ கையத் தூக்குவன்னு நெனச்சேன். ஏன் தூக்கல? அத நான் ஒன்பது வருஷமா யோசிச்சிட்டிருக்கேன்."

"சம்மதிச்சேனா? யாரு சொன்னா?"

வெர்னன் கையுறையோடு என்னைக் காட்டினான்.

ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஹாய்ட் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"லானி, சொன்னியா?"

"கிரேடி சொல்லச் சொன்னாரு."

"நீ சொன்னியான்னு கேட்டேன்."

"சொன்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் காலடியில் துப்பினான். கோப்பையைத் தேடக்கூட இல்லை. பிறகு என்னை அங்கே இல்லாதவன்போல் விட்டுவிட்டு வெர்னனோடு பேச ஆரம்பித்தான். முழங்கால் எப்படி இருக்கு என்று ஹாய்ட் கேட்டான். ஹாய்ட்டின் மனைவி ஆர்வெல்லா எப்படி இருக்கா, இன்னமும் சனிக்கிழமை பன்றி ஈரல் மசியல் வறுத்து ரொட்டியில் வைத்துக் கட்டிக்கொடுக்கிறாளா என்று வெர்னன் கேட்டான். இரண்டு பேரும் நாற்றத்திலேயே அரைமணி நேரம் நின்றார்கள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது ஹாய்ட் பின்சீட்டில் ஏறினான். எட்டு மைல் தூரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"கயிறு விஷயத்துல மட்டும் நீ கண்ண மூடிக்கக்கூடாது. உன்கிட்ட வேற எதையும் நான் கேக்கல."

கயிற்றை அவனே முறுக்கிக்கொண்டு வந்தான், மில்லின் வெள்ளைப் பருத்திநூலில், இரண்டு மூலைக்கும். முதல் வாரம் நான் கயிற்றை விட்டுவிட்டு உள்ளே வந்த ஒருவனைத் திருப்பி அனுப்பினேன். கூட்டம் சிரித்தது. "போஸ்ட்மேன், போய் லெட்டர் குடு!" என்று ஒருவன் கத்தினான். இரண்டாவது வாரம் கையைத் தட்டாமல் நுழைந்தவனை ஐந்து எண்ணித் தோற்றவனாக அறிவித்தேன். அவன் என் சட்டையைப் பிடித்து உலுக்கினான், உண்மையாகவே. அவனுக்கு விதி தெரியாது. பத்து வருஷமாக இவர்கள் யாரும் விதி பார்த்ததில்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் வளையத்துக்குள் முட்டி மோதிக்கொள்வதுதான் ஜோடிச் சண்டை என்று நினைத்திருந்தார்கள்.

ஐந்தாம் வாரம் மேப்பிள் ஃபோர்க் ஆர்மரியில், அதாவது ஊர்ப் படைப்பயிற்சிக் கூடத்தில், ஹாய்ட் பன்னிரண்டு நிமிஷம் உள்ளே மாட்டிக்கொண்டான். வெர்னன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் கழன்றுவிடும்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றான். இரண்டு தடவை கயிற்றை விட்ட அவனை நான் எச்சரித்தேன். மூன்றாம் தடவை கை பட்டதை நான் பார்க்கவில்லை. எதிரி என்னை மறைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்த வெர்னனை வெளியே அனுப்பினேன். கூட்டம் என்னைக் கொல்ல எழுந்தது. நிஜமாகவே எழுந்தது. ஒரு பெண் தன் சோடாக் கோப்பையை என் தலைமேல் கவிழ்த்தாள், எங்கள் பக்கத்து வழக்கப்படி அதில் போட்டிருந்த வேர்க்கடலை என் காலருக்குள் இறங்கியது. இரண்டு நிமிஷம் கழித்துக் கை நிஜமாகப் பட்டபோது, பழைய சத்தம் வந்தது. மரப்பலகைகள் அதிர்ந்தன. எனக்கு அழுகை வந்தது, மறைக்க வசதியாகத் தலை நனைந்திருந்தது.

மே மாதம் கழுதைகளுக்குப் பட்டம். அதற்குப் பிறகு அவர்களை எதிர்க்க வந்த ஜோடிகளில் ஒன்றுதான் தேறியது. மார்லன் கெய்த்தர், டெரல் ஷூஃபர்ட். இரண்டு பேரும் மரச்சாமான் தொழிற்சாலையில் சோபாவுக்கு மெத்தை தைக்கிறவர்கள், ஒருவன் தங்கையை இன்னொருவன் கட்டியிருந்தான். அவர்களையும் பிரிப்பதற்காகத்தான் கிரேடி சேர்த்திருந்தார். அவர்கள் யாரிடமும் பாடம் கேட்க வரவில்லை. வந்த முதல் நாளே கெய்த்தர் ஹாய்ட்டிடம், "கிழடு, உங்கள மாதிரி கயிறு பிடிச்சா எங்க தோள் ரெண்டும் சவப்பெட்டிக்குத்தான் ஆகும்" என்றான். ஹாய்ட், "இதுவரைக்கும் உன் தோளுக்கு வேலை ஒண்ணும் இல்லாம இருந்துச்சு பாரு" என்றான். அப்படித்தான் அவர்கள் சிநேகிதம். சண்டையில் மட்டும் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டார்கள். கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஆகஸ்டில் உள்ளே இடமில்லாமல் கதவைச் சாத்த வேண்டியிருந்தது.

அப்போது கிரேடி என்னைக் கூப்பிட்டார். அதே அறை, அதே மேசை.

"செப்டம்பர்ல, தொழிலாளர் தினத்தன்னிக்குப் பொருட்காட்சித் திடல்ல மத்தியானச் சண்டை. கழுதைங்களும் அந்த மெத்தைக்காரங்களும். பத்தாவது நிமிஷம் வெர்னன் நாற்காலி எடுக்கணும்."

பன்றித்தோல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"ஜனங்க திரும்பவும் நம்ப ஆரம்பிச்சிட்டாங்க பிரதர். நம்புறவனத்தான் உடைக்க முடியும். வெர்னன்கிட்ட சொல்லிடு. ஹாய்ட்டுக்குத் தெரியும்னு சொல்லு."

"சார், ஒரு தடவ சொன்னேன். அவன் காது..."

"கோடு போட்ட சட்டை கடையில கிடைக்குது லானி. போடறதுக்கு ஆளும் கிடைக்கும்."

அவ்வளவுதான். மிரட்டல்கூட அல்ல, மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னார். அதற்கு நான் என்ன செய்திருப்பேன் என்று படிக்கிறவர்கள் நினைக்கிறார்களோ, நான் அதைச் செய்யவில்லை. கழிவு லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன். சேதியைச் சொன்னேன்.

வெர்னன் குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். "ஹாய்ட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி" என்றான். குழாயைக் கொக்கியில் மாட்டினான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை. வெர்னன் மறுபடி நம்பிவிட்டான் என்று நினைத்தேன். ஹாய்ட்டுக்கு இன்னொரு காதும் இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் தபால் பிரிக்கும்போது போனைப் பார்ப்பேன். எடுக்கவில்லை.

தொழிலாளர் தினம் வெயில் கொளுத்தியது. திடலில் பன்றி வாட்டும் புகை, மாட்டுச்சாண வாடை, மூவாயிரம் பேர். சண்டை மூன்று மணிக்குத் தொடங்கியது. ஆறாம் நிமிஷம் ஷூஃபர்ட் ஹாய்ட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் அமுக்கினான். வளையத்துக்கு வெளியே கிரேடி கையில் மடக்கு நாற்காலியோடு நின்றார். அதை வெர்னன் பக்கம் தள்ளிவைத்தார். நான் குனிந்தேன். கேட்கும் காதின் பக்கம்.

"ஹாய்ட், நாற்காலி வருது. வெர்னன். பத்தாவது நிமிஷம். கையத் தூக்கு, எப்படியாச்சும் கையத் தூக்கு."

ஹாய்ட்டின் முகம் வியர்வையில் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"தெரியும்டா. அன்னிக்குச் சாயங்காலமே வெர்னன் போன் பண்ணிட்டான்."

ஷூஃபர்ட் பிடியை விடாமல், ஹாய்ட்டின் தலைக்கு மேலிருந்து என்னிடம் சொன்னான். "எங்களுக்கும் தெரியும் போஸ்ட்மேன். உனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல."

"எண்ணுறதப் பாரு" என்றான் ஹாய்ட்.

நான் கிரேடியின் ஆள் என்று நாலு பேரும் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். முடிவில் தப்பே இல்லை. ஒன்பது நாள் வாய் திறக்காதவன் திறந்த நேரத்துக்கு அது யாருக்கும் பிரயோஜனப்படவில்லை. என்மேல் எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது. வெர்னன் லாரிக் குழாயின் ஒரு முனை என் வாயில் இருந்ததுபோல் இருந்தது.

பத்தாவது நிமிஷம் வெர்னன் நாற்காலியை எடுத்தான். கூட்டம் அடங்கியது. முன்வரிசையில் ஒரு கிழவர், "வேணாம்டா பாவி, திரும்பவும் வேணாம்டா" என்று கெஞ்சினார். 1988-ஐப் பார்த்தவர் போலிருக்கிறது. கிரேடியின் வாய் காது வரை விரிந்தது. வெர்னன் நாற்காலியைத் தூக்கி, கிரேடியின் காலடியிலேயே போட்டான். பிறகு மூலைக்கு வந்து வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினான்.

கழுதைச் சத்தம் திடலை நிறைத்தது. பட்டியில் இருந்த பரிசுப் போட்டிப் பசுக்கள் மிரண்டு கத்தின.

அதற்குப் பிறகு நடந்த இருபத்தேழு நிமிஷம் யாரும் தீர்மானித்துத் தந்தது இல்லை, அவர்கள் நாலு பேரைத் தவிர. கழுதைகள் ஜெயிக்கவில்லை. கெய்த்தர் கடைசியில் மூலையிலிருந்து நீட்டிய கையை ஷூஃபர்ட் விரல்நுனியால் தொட்டான், நான் பார்த்தேன், செல்லும் என்று கையைத் தூக்கினேன். கெய்த்தர் உள்ளே வந்து ஹாய்ட்டை மல்லாத்தி அமுக்கினான். ஷூஃபர்ட் நாலு எண்ணுவதற்குள் ஒழுங்காக வெளியே போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். தரையைத் தட்டி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஹாய்ட்டின் தோள் எழவில்லை. சூது இல்லை, நாற்காலி இல்லை. ஹாய்ட் எழுந்து பெல்ட் இரண்டையும் தன் கையாலேயே அவர்கள் இடுப்பில் கட்டினான். தோற்றவன் அப்படிக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு என்று அவனுக்குத் தெரியும். மூவாயிரம் பேர் நின்றுகொண்டு கை தட்டினார்கள். ஒருவரும் ஹாட் டாக் வாங்கப் போகவில்லை.

கிரேடி உடைமாற்றும் கூடாரத்துக்குள் வந்து கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் கூட்டத்தைப் பார்த்திருந்தார். உள்ளே வந்ததும் எல்லாரையும் தழுவிக்கொண்டார்.

"இதத்தான் பிரதர் நான் நெனச்சேன்! இதத்தான் நான் சொல்லிட்டிருந்தேன்!"

கெய்த்தருக்கு வாந்தி வந்தது. வெயில் காரணமாக இருக்கலாம். கூடாரத்துக்குப் பின்னால் போய் எடுத்தான்.

கெய்த்தரும் ஷூஃபர்ட்டும் பதினாலு மாதம் சாம்பியனாக இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சண்டைதான் அன்றைய கடைசிச் சண்டை. அவர்களை எதிர்க்கப் பக்கத்து மாநிலங்களிலிருந்து ஜோடிகள் வந்தன. 1999-இல் கிரேடி கம்பெனியை ஓர் அடகுக்கடைக்காரனுக்கு விற்றார், அவன் ஜோடிப் பட்டத்தையே தேவையில்லை என்று எடுத்துவிட்டான். அதை டி.வி.யில் பத்து வினாடியில் அறிவித்தான். ஹாய்ட் அவனோடு வாதாடக்கூடப் போகவில்லை. பழைய உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து, வருஷத்துக்கு எட்டு தடவை, ஜோடிச் சண்டை மட்டும் என்று அவர்கள் நாலு பேருமே நடத்தினார்கள். ஐந்நூறு பேருக்குக் குறையாமல் ஆறு வருஷம் ஓடியது. பிறகு பள்ளியே கூடத்தை இடித்துவிட்டது.

அவர்கள் சண்டைக்கு நடுவர் நான்தான். கிரேடி தொழிலாளர் தினத்துக்கு மறுநாளே என்னை அனுப்பிவிட்டார், சேதி ஒழுங்காகப் போகவில்லை என்று. ஹாய்ட்டின் போன் வந்தது, கூடத்தை வாடகைக்குப் பிடித்து மூன்று வாரம் கழித்து. "நீ நம்பத் தகுந்த ஆள் இல்ல. ஆனா உன்ன மாதிரி ஐந்து எண்ணுறவன் இந்தப் பக்கம் வேற கிடையாது" என்றான். என் காரில்தான் வருவான், பின்சீட்டில்தான் உட்காருவான்.

போன வாரம் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு இப்போது அறுபது வயது, மில் மூடிப் பத்து வருஷம். ஆர்வெல்லா ஈரல் மசியல் வறுத்துக்கொண்டிருந்தாள். டி.வி.யில் ஜோடிச் சண்டை. நாலு பேரும் ஒரே நேரத்தில் வளையத்துக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள், கயிறு இல்லை, நடுவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். ஹாய்ட் கோப்பையில் துப்பினான். இரண்டாவது வகை. டி.வி.யை அணைத்தான்.

அமைதியாக இருந்ததால் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை.

"ஹாய்ட், என்ன மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றான். தட்டை என் பக்கம் தள்ளினான். "சாப்பிடு. சனிக்கிழமை வெர்னன் பேத்திக்குக் கல்யாணம். நாலு மணிக்கு வண்டிய எடுத்துட்டு வந்துடு."